கலத்துள் ஒரு காவல்

திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்போர்க்குக் கலம் என்றால் கப்பல். உயிரியல் பயிலும் மாணவர்க்கோ அது உடலை ஆக்கும் நுண்ணிய அறை. எது எங்கே இருக்கவேண்டும் என்னும் ஒழுங்கு இரண்டிற்கும் இன்றியமையாதது.

மாரி மழையோடு நுளம்பு பெருகுங் காலத்தில், கிண்ணியா, மூதூர் போன்ற ஊர்களின் முற்றங்களில் மேயும் கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளங்கள் எழக்கூடும். இதுவே கோழி அம்மை. வாயினுள்ளும் பரவினால், கோழி இரையெடாது மெலிந்து மடியும். முட்டை விற்றுப் பிள்ளையின் கொப்பிக்குக் காசு சேர்க்கும் தாய்க்கு அது சிறிய இழப்பன்று.

இந்நோயை விளைப்பது டி.என்.ஏ. கொண்ட வைரசு. கோழியின் மரபுச் செய்தி எழுதப்பட்டிருப்பதும் டி.என்.ஏ.யிலேயே. எழுத்து ஒன்றாயிருக்க, தன்னதையும் பகைவனதையும் கலம் எங்ஙனம் பிரித்தறிகிறது?

எழுத்தை வாசித்தன்று, இடத்தை நோக்கியே அறிகிறது. கலத்தின் சொந்த டி.என்.ஏ. கருவினுள்ளும் இழைமணியினுள்ளும் அடைபட்டிருக்கும். அம்மை வைரசோ கருவுக்கு வெளியே, குழியவுருவிலேயே பெருகும். பண்டசாலையில் இருக்கவேண்டிய சரக்கு நள்ளிரவில் கரையிற் கிடந்தால் சுங்கக் காவலன் ஐயுறுவான் அன்றோ?

கலத்தின் காவலனுக்குச் சி-காஸ் என்று பெயர். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் சிஜியான் சென் குழுவினர் கண்டறிந்த நொதியம் அது. குழியவுருவில் டி.என்.ஏ. தட்டுப்பட்டதும் அது சிறு தூதுப் பொருளொன்றை ஆக்கும். அத்தூது ஸ்டிங் என்னும் புரதத்தை எழுப்பும். முடிவில் இன்டர்பெரோன் வெளிப்பட்டு அயற்கலங்களை எச்சரிக்கும். மனிதரில் இச்செய்தியைக் கருவுக்குள் எடுத்துச் செல்லும் ஐ.ஆர்.எஃப். 3 என்னும் புரதம் கோழிக்கு இல்லை, ஐ.ஆர்.எஃப். 7 அப்பணியை ஏற்கிறது. கோழியின் விழுங்கு கலங்களில் சி-காஸ் அம்மை வைரசை உணர்வதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்டர்பெரோனை உலகம் முதன்முதல் அறிந்ததும் கோழியின் துணையாலேயே. 1957இல் இலண்டனில் ஐசாக்சும் லிண்டன்மானும் அதனைக் கண்டது கோழி முட்டைக் கருவின் சவ்வில்!

எனினும் காவல் எப்போதும் வெல்வதில்லை. கோழியைத் தாக்கும் மாரெக் நோய் வைரசும் டி.என்.ஏ. உடையதே. அதன் புரதமொன்று ஸ்டிங்கின் குரலை அடக்கிவிடுகிறது. எச்சரிக்கை எழாத கலத்தில் பகை தடையின்றிப் பெருகும்.

ஆகையால் இயற்கைக் காவலோடு மனித முயற்சியும் சேரவேண்டும். இறக்கைச் சவ்வில் குத்தி ஏற்றும் அம்மைத் தடுப்பு மருந்து, வலுக்குன்றிய வைரசைக் காட்டிக் கோழியின் உடலை முன்கூட்டியே பழக்குகிறது. நோய் கண்டபின் வருந்துவதினும், மாரி பிறக்குமுன் அதனை ஏற்றுவித்தலே அறிவுடைமை.