தூளிக்கு ஓர் இரும்புத் தாங்கி

திம்புள்ளப் பகுதியிலே தென்மேற்குப் பருவமழை நெடிது பொழியும். ஈரத்தால் உளுத்த லயத்து உத்தரத்தை நம்பி, தூளி கட்டி மழலையை உறங்கவைத்தல் தகுமோ? முற்றத்திலும் நிறுத்தத்தக்க மடக்கு இரும்புத் தாங்கியே நன்று என்பது நம் கருத்து.

இருபுறமும் இவ்விரண்டு குழாய்க் கால்களை உச்சியிலே திருகாணியாற் பிணைத்து விரிக்க. அவை அகலாதவாறு குறுக்கே சங்கிலி பூட்டுக. மண்ணிற் புதையாதபடி அடியிலே தகடு பொருத்துக. இரு உச்சிகளையும் ஒரு குழாயால் இணைக்க. அதனைக் கழற்றினால் தாங்கி மடங்கும்.

இழுத்துக் கட்டினாலே உறுதி என்பர் சிலர். அது பிழை. விசையியல் கற்ற நண்பர்கள் அறிவர்: செங்குத்தாய்த் தொங்கும் இரு கயிறுகளில் ஒவ்வொன்றும் பாதிப் பாரமே சுமக்கும், கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் முழுப்பாரமும், 15 பாகையாயின் ஏறத்தாழ இருமடங்கும் ஏறும். ஆதலின் தூளி தளர்ந்தே தொங்குக.

குழந்தையை இடுமுன், அதன் எடையின் மும்மடங்கு பாரமேற்றி ஆட்டிப் பார்த்தல் நம் கடன்.