மின்னணுத் தாளம்: பெட்டி வாங்கலாமா, கணிப்பொறியே போதுமா?

ஹேவ்லாக்கில் (2018 டிசம்பரிலிருந்து அரசு ஏடுகளில் சுவராஜ் தீவு; நம்மவர் வாயில் இன்றும் ஹேவ்லாக்தான்) ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தாள வாத்திய ஆசை வந்துவிட்டால், முதலில் குறுக்கே நிற்பது வானிலை. அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மில்லி மீட்டர் மழை. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து மேளம் தொய்ந்துவிடும். பறையைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றிவிடலாம். மிருதங்கத்துக்கு மூட்டு மாற்ற வேண்டுமென்றால் கப்பலேற்றித்தான் அனுப்ப வேண்டும். பொங்கல் விழாவுக்கு போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு வாத்தியக்காரரை அழைக்கலாமென்றால், கடல் கொந்தளித்தால் படகு இல்லை. ஆகவே மின்னணுத் தாளத்தை நாடுவது இங்கே ஆடம்பரமல்ல. இதற்கென்றே செய்த பெட்டியை வாங்குவதா, வீட்டிலுள்ள கணிப்பொறியில் மென்பொருளை ஏற்றுவதா என்பதுதான் கேள்வி. நல்ல பெட்டி புதிதாக வாங்கினால் அரை லட்ச ரூபாயைத் தாண்டும். எனவே யோசித்தே இறங்க வேண்டும்.

மின்னணுத் தாள ஒலி இரண்டு விதமாகப் பிறக்கிறது. 1980இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 என்ற பெட்டி, மின்சுற்றுகளை அதிரவைத்தே 'தும்' என்ற ஒலியை உண்டாக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் ரோஜர் லின் வெளியிட்ட எல்எம்-1, உண்மையான டிரம்ஸ் ஒலியைப் பதிந்து வைத்து, பொத்தானைத் தட்டினால் திருப்பிச் சொன்னது. இன்றைய பெட்டிகளும் மென்பொருள்களும் இந்த இரண்டின் வாரிசுகளே. 1983இல் மிடி என்ற பொது மொழி வந்தபின், ஒரு கருவி அடியைச் சொல்ல இன்னொரு கருவி ஒலியைத் தரலாம் என்றாயிற்று. தமிழ்த் திரையிசையில் 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கே இளையராஜா கணிப்பொறியைப் பயன்படுத்திவிட்டார்.

ஒலியின் தரத்தில் இரண்டுக்கும் இன்று பெரிய வேறுபாடு இல்லை. கடையில் விற்பவர் 'இதில் எழுநூறு ஒலிகள் இருக்கின்றன' என்பார். ஒரு கச்சேரிக்குப் பதினைந்து ஒலி போதும். பார்க்க வேண்டியது தாமதத்தை. கோல் பட்ட நேரத்துக்கும் ஒலி கேட்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அது.

கணிப்பொறி ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை. குவளை குவளையாக மொண்டு ஊற்றுகிறது. குவளை நிறையும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் குவளைக்கு 'பஃபர்' என்று பெயர். விநாடிக்கு 44,100 ஒலித்துணுக்குகள் என்ற கணக்கில், பஃபர் 256 என்று வைத்தால் ஏறக்குறைய 6 மில்லி விநாடி. 1024 என்று வைத்தால் 23. பத்து மில்லி விநாடி என்பது பதினோரு அடி தள்ளி நிற்பவரின் மேளச் சத்தம் நம் காதுக்கு வந்துசேரும் நேரம். அதைக் கை பொறுத்துக்கொள்ளும். அது இருபதைத் தாண்டினால் வாசிப்பவருக்குக் கையும் காதும் சண்டையிடத் தொடங்கும். வேகமான நடையில் தாளம் நழுவும். பழைய மடிக்கணினியில் பஃபரைக் குறைத்தால் ஒலி 'கரகர'வென்று உடையும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தாமதம் இன்னும் கூடுதல். புளூடூத் ஒலிபெருக்கியை மாட்டினாலோ கேட்கவே வேண்டாம், சாதாரணமாக நூறு மில்லி விநாடிக்கும் மேல் போய்விடும். பிள்ளைக்குத் தாளஞானம் இல்லையென்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அந்த ஒலிபெருக்கியை ஒயரில் மாட்டிப் பாருங்கள்!

பெட்டியில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஒரே வேலைக்கென்று செய்யப்பட்டது. சுவிட்சைப் போட்டால் சில விநாடிகளில் தயார். நம் மெல்லிசைக் குழுக்கள் 'பேட்' என்று சொல்லும் ரோலண்ட் ஆக்டோபேடில் எட்டு ரப்பர்த் தட்டுகள். கோலால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாங்கும். மேடையில் கணிப்பொறித் திரை உறைந்து நிற்க, பாடகர் பல்லவியை நான்காம் தடவையாகப் பாடிக்கொண்டிருக்கும் அவலம் இதில் நேராது. மின்சாரம் நின்றால் மடிக்கணினி தன் பேட்டரியில் ஓடும், பெட்டி அணைந்துவிடும் என்று சிலர் வாதிடுவர். அந்த வேளையில் ஆம்ப்ளிஃபையரும் அணைந்துதானே கிடக்கும்!

மென்பொருளின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஹைட்ரஜன் என்ற தாள மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆப்பிள் கருவிகளில் கராஜ்பேண்ட் இலவசம். ஆதி, ரூபகம், மிஸ்ர சாபு என்று கட்டங்களை நிரப்பி நிரப்பிப் பிள்ளை தானே கணக்குக் கற்றுக்கொள்ளலாம். தவறினால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் போர்ட் பிளேருக்கும் ஹேவ்லாக் உள்ளிட்ட தீவுகளுக்கும் வந்தபின், ஒலித் தொகுப்புகளை இறக்குவது முன்போல் தவமாக இல்லை. ஆனாலும் அவ்வப்போது இணையத்தில் உரிமம் சரிபார்க்கும் மென்பொருள்களைத் தவிர்ப்பது நல்லது. விழா நாளன்று பார்த்துத்தான் இணையம் காலை வாரும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 1985இல் வந்த முதல் ஆக்டோபேடில் சொந்த ஒலியே கிடையாது. அடியை மிடி மொழியில் சொல்லும், வேறொரு கருவி ஒலிக்கும். அதே முறையில் இன்று யுஎஸ்பி ஒயரில் கணிப்பொறியோடு சேரும் சிறிய தட்டுப்பலகைகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. என் யோசனை: முதல் ஓராண்டு இதுவே போதும். ஆசை தங்கி, மேடை ஏறும் பக்குவமும் வந்தபின் பெட்டியை நினைக்கலாம். அப்போதும் ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்குவதைவிட, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பொதுவில் ஒன்று வாங்கி வைத்தால் பொங்கலுக்கும் ஆகும், பங்குனி உத்திரத்துக்கும் ஆகும்.

கர்நாடக இசை கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். மிருதங்கத் தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும்போது எழும் கும்கியை ரப்பர்த் தட்டில் கொண்டுவருவது மிகக் கடினம். பாட்டுப் பயிற்சிக்குப் பக்கத்தில் தாளம் ஓடினால் போதுமென்பவர்களுக்கு பெங்களூரு ராடெல் நிறுவனத்தின் தாளக் கருவி போன்ற சிறு பெட்டியோ, அதையே செய்யும் கைபேசிச் செயலியோ தாராளம்.

பெட்டி நெடுநாள் உழைக்கும், மென்பொருள் சீக்கிரம் காலாவதியாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். முழு உண்மையல்ல. டிஆர்-808 தயாரிப்பு 1983இலேயே நின்றது; அதன் ஒலிக்குத் தேவையான டிரான்சிஸ்டர் கிடைக்காமற்போனதும் ஒரு காரணம். அதன் ஒலியோ இன்று எல்லா மென்பொருளிலும் உயிரோடிருக்கிறது.

பெட்டிதான் என்று முடிவு செய்தவர்கள் பழுதானால் எங்கே அனுப்புவது என்பதை வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உப்புக் காற்று முதலில் அரிப்பது ஒயர் மாட்டும் துளைகளையும் இணைப்புகளையும்தான். உபயோகம் முடிந்ததும் துணியால் துடைத்து, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். வாரம் ஒருமுறையாவது எடுத்து அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் போக்கும்.