ஒரு க்ளிக்குக்கு 42 ரூபாய்: சம்பளக்காரங்க ஃபிலிம் கேமரா பக்கம் போகலாமா?

உங்க போன்ல கேலரியைத் திறந்து மொத்தம் எத்தனை போட்டோ இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. எட்டாயிரம், பத்தாயிரம்னு காட்டினா ஆச்சரியமே இல்லை. அதுல ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரசீது, குட்மார்னிங் படம், மால்ல வண்டி நிறுத்தின தூணோட நம்பர், இதையெல்லாம் கழிச்சிடுங்க. மிச்சத்துல நீங்களா ஆசைப்பட்டு நின்னு எடுத்தது எத்தனை? போன வருஷம் எடுத்ததுல திரும்பப் போய்ப் பார்த்தது எத்தனை?

காலேஜ் நாட்கள்ல நண்பனோட கேமராவைக் கடன் வாங்கிக்கிட்டு மழை, டீக்கடை, ரயில்வே ஸ்டேஷன்னு அலைஞ்சவங்க நம்மில் நிறைய பேர். வேலைக்குப் போனதும் அந்த ஆசை நேரா ஷாப்பிங் கார்ட்டுல போய் உட்கார்ந்துக்கும். "ஒரு நல்ல மிரர்லெஸ் கேமரா வாங்கிட்டா மறுபடியும் எடுக்க ஆரம்பிச்சிடுவேன்" என்று நமக்கு நாமே சொல்லிக்குவோம். விலை 1,20,000 ரூபாய். 'நோ காஸ்ட் இஎம்ஐ' போட்டா மாசம் 10,000. ஆறு மாசம் கழிச்சு கேமரா பீரோவுல இருக்கும், இஎம்ஐ மட்டும் சரியா 5ஆம் தேதி போய்க்கிட்டு இருக்கும்.

போகிற போக்குல ஒண்ணு சொல்லிடறேன். கிரெடிட் கார்டுல 'நோ காஸ்ட்' என்பது முழுக்க உண்மை இல்லை. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் காட்டினாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க பில்லுலதான் வரும். பிராசசிங் கட்டணம் இருந்தா அதுவும், அதுக்கு மேல ஜிஎஸ்டியும் சேரும். அந்தக் கார்டு அக்ரிமெண்டை ஒரு தடவை படிங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஆசைக்கு இன்னொரு வழி இருக்கு. அது 40, 50 வருஷம் பழைய வழி. எல்லாத்தையும் கையால திருப்ப வேண்டிய மேனுவல் ஃபிலிம் கேமரா. "இந்தக் காலத்துல ஃபிலிமா? அது வெட்டிச் செலவாச்சே!"ன்னு நீங்க கேட்கிறது எனக்குக் கேட்குது. செலவுதான். அதனால முதல்ல செலவுக் கணக்கையே போட்டுடலாம்.

முதல்ல கணக்கு

விலை கடைக்குக் கடை, மாசத்துக்கு மாசம் மாறும். அதனால கணக்குக்காக ஒரு கலர் ஃபிலிம் ரோல் 900 ரூபாய், கழுவி ஸ்கேன் பண்ணித் தர லேபுக்கு 600 ரூபாய்னு வச்சுக்குவோம். மொத்தம் 1,500. ஒரு ரோல்ல 36 படம். அப்போ ஒரு க்ளிக்குக்கு சுமார் 42 ரூபாய். ஒரு டீயும் ரெண்டு வடையும்! நீங்க வாங்குற அன்னைக்கு இருக்கிற விலையை வச்சு இதே கணக்கை ஒரு தடவை போட்டுக்கோங்க.

கேமரா? நல்ல நிலையில இருக்கிற பழைய எஸ்எல்ஆர் ஒண்ணு லென்ஸோட 12,000, சர்வீஸுக்கு 3,000 என்று வைங்க. மாசம் ஒரு ரோல் எடுத்தா வருஷத்துக்கு 18,000. ஆக முதல் வருஷச் செலவு 33,000, அடுத்த வருஷத்துல இருந்து 18,000.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். மாசம் 1,500 ரூபாயை எஸ்ஐபியில போட்டா? ஆண்டுக்கு 12% வளரும்னு வச்சுக்கிட்டா, 10 வருஷத்துல போட்டது 1.8 லட்சம், கையில சுமார் 3.48 லட்சம். இந்தக் கணக்கு சரிதான். ஆனா எல்லா ஆசையையும் எஸ்ஐபி தராசுல நிறுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அப்படிப் பார்த்தா பிரியாணியும் தப்பு, அக்கா பையனுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிளும் தப்பு. கேட்க வேண்டியது, எமர்ஜென்சி ஃபண்டும் டேர்ம் இன்ஷூரன்ஸும் ஏற்கனவே போட்டுக்கிட்டு இருக்கிற எஸ்ஐபியும் தொடாம இது முடியுமாங்கிறதுதான். கைக்கு 40,000 வருதுன்னா, 50-30-20 முறைப்படி ஆசைகளுக்கான பங்கு 12,000. அதுல ஒரு ரோல் எட்டுல ஒரு பங்கு. முடியும். முடியலைன்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு ரோல். ஃபிலிம்ல இருக்கிற வசதியே இதுதான்: ஒரு மாசம் கை கடிச்சா ரோல் வாங்காம விட்டுடலாம். இஎம்ஐயை அப்படி விட முடியாது.

42 ரூபாய் என்ன பண்ணுது?

போன்ல ஒரு படத்துக்கு விலை பூஜ்யம். அதனால ஒரே காட்சியை 14 தடவை எடுப்போம், எதையும் தேர்ந்தெடுக்க மாட்டோம், "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டுடுவோம். அந்த அப்புறம் வர்றதே இல்லை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 42 ரூபாய் கழியும்னு தெரிஞ்சா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியே ஒரு யோசனை வந்துடும். வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருது? இன்னும் ரெண்டு அடி கிட்டப் போகலாமா? இது எனக்கு நிஜமாவே வேணுமா?

பாதி தடவை 'வேண்டாம்'னு பதில் வரும். கேமராவை இறக்கிட்டு சும்மா பார்த்துக்கிட்டு நிற்பீங்க. அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். போனை நீட்டினா "சும்மா இருடா, வேலை கிடக்கு"ன்னு முகத்தைத் திருப்பிக்கிற அம்மா, ஃபிலிம் கேமராவைப் பார்த்ததும் கையைத் துடைச்சுக்கிட்டு, முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, ஜன்னல் ஓரமா வந்து நின்னாங்க. நின்னு கேட்ட முதல் கேள்வி: "எத்தனை பாக்கி இருக்கு?"

ஒரு ரோல் வாங்கினா கல்யாணம், காதுகுத்து, பழனி பயணம் எல்லாத்துக்கும் அதையே பிரிச்சுக்கிட்ட தலைமுறை அவங்க. கடைசியில ரெண்டு மிச்சம் இருந்தா சாமி படத்தை எடுத்து ரோலை முடிச்சு ஸ்டுடியோவுல கழுவக் கொடுப்பாங்க. "பதினொண்ணு இருக்கும்மா"ன்னேன். "அப்போ அப்பாவையும் கூப்பிடு"ன்னாங்க. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி, கண்ணிமை முடி தெளிவாகிற வரைக்கும் எனக்குப் பத்து விநாடி ஆச்சு. அம்மா காதோரம் அவ்வளவு நரைச்சிருக்குன்னு அந்தப் பத்து விநாடியிலதான் கவனிச்சேன். தினமும் பார்க்கிற முகம்.

எந்தக் கேமரா வாங்குறது?

முதல்ல காசு கொடுக்காதீங்க. பரண்ல தேடுங்க, மாமா வீட்டு பீரோவுல கேளுங்க. நம்ம வீடுகள்ல கோடக் கேபி10, யாஷிகா எம்எஃப்-2 மாதிரி கேமராக்கள் நிறைய தூங்கிக்கிட்டு இருக்கு. இதுல ஃபோகஸ் எல்லாம் மாற்ற முடியாது. ஆனா ஒரு ரோல் போட்டுப் பார்த்து, இந்தக் காத்திருப்பு உங்களுக்கு ஒத்து வருதான்னு தெரிஞ்சுக்க அது போதும்.

ஒத்து வந்தா, மெக்கானிக்கல் எஸ்எல்ஆருக்குப் போங்க. 1976ல இருந்து 1997 வரைக்கும் தயாரான பென்டாக்ஸ் கே1000 ஒரு நல்ல உதாரணம். பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். அது தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். நிகான் எஃப்எம்2வும் அப்படித்தான், ஆனா விலை கூட. அதே 1976ல வந்த கேனான் ஏஇ-1 அழகான கேமரா. பேட்டரி இல்லாம அசையாது. இன்ஸ்டாகிராம்ல பிரபலங்கள் கையில பார்க்கிற சின்ன ஆட்டோமேட்டிக் கேமராக்கள் பக்கம், உதாரணமா கான்டாக்ஸ் டி2, போகாதீங்கன்னுதான் சொல்வேன். உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக்ஸ் போச்சுன்னா ரிப்பேர் பண்ண பார்ட்ஸ் கிடைக்கிறது கஷ்டம். பேருக்காக அவ்வளவு பணம் கொடுத்துட்டு அப்புறம் அலங்காரப் பொருளா வச்சிருக்கணும்.

நேர்ல பார்த்துத்தான் வாங்கணும். லென்ஸுக்குப் பின்னாடி போன் டார்ச்சை அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, விட்டுடுங்க. பின்கதவைத் திறந்து ஒவ்வொரு ஷட்டர் வேகத்துலயும் அழுத்துங்க. ஒரு விநாடியில வச்சா ஒரு விநாடி திறந்திருக்கணும், நடுவுல மாட்டிக்கக் கூடாது. கதவு ஓரத்துல இருக்கிற கறுப்பு ஸ்பாஞ்ச் பிசுபிசுன்னு ஒட்டினா பயப்பட வேண்டாம். மாற்றிக்கலாம், ஆனா விலையில குறைச்சுக் கேளுங்க. வாங்கின பிறகு அந்தப் பழைய தோல் உறைக்குள்ள போட்டு மூடி வைக்காதீங்க. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஈரக் காத்துல பூஞ்சை வளர அதைவிட நல்ல இடம் கிடையாது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், போதும்.

மீட்டர் வேலை செய்யலையா? நம்ம ஊர் வெயில் இருக்கே! நல்ல வெயில்ல அப்பர்ச்சரை 16ல வைங்க, ஷட்டர் வேகத்தை ஃபிலிமோட ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்து எண்ணுல வைங்க. 200 ஐஎஸ்ஓ ரோல்னா 1/250. மேகம் மூடினா 8, மரநிழல்னா 5.6 அல்லது 4. சந்தேகம் வந்தா கொஞ்சம் கூடுதலா வெளிச்சம் கொடுங்க. கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவான வெளிச்சத்தைத் தாங்காது.

ரோல் மாட்டினதும் ஒரு விஷயம் கட்டாயம் பாருங்க. லீவரைத் தள்ளும்போது இடது பக்கம் இருக்கிற ரீவைண்ட் குமிழ் சேர்ந்து சுத்தணும். சுத்தலைன்னா ஃபிலிம் பல்லுல மாட்டலைன்னு அர்த்தம். 36 படமும் காத்துல எடுத்த மாதிரி ஆகிடும்.

செலவை எங்கே குறைக்கலாம்?

நம்ம ஊட்டியிலேயே ஒரு காலத்துல ஃபிலிம் தயாரிச்சாங்க தெரியுமா? 1960ல தொடங்கின மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பேர்ல கறுப்பு வெள்ளை ரோலும் எக்ஸ்ரே ஃபிலிமும் கொடுத்தது. இன்னைக்கு அந்த ஃபேக்டரி மூடிக் கிடக்கு. இப்போ நாம வாங்குற ரோல் பெரும்பாலும் இறக்குமதி, அதனால டாலர் ஏறினா உங்க க்ளிக்கோட விலையும் ஏறும். 1975லேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிப் பார்த்த கோடக் கம்பெனி, அந்த டிஜிட்டல் அலையிலேயே 2012ல திவால் பாதுகாப்பு கேட்டுப் போச்சு. ஆனா ஃபிலிம் தயாரிப்பு நிற்கலை, கோல்டு 200 இன்னும் கடைக்கு வருது. பென்டாக்ஸ் 2024ல புதுசாவே ஒரு ஃபிலிம் கேமரா கொண்டு வந்தது, பேரு பென்டாக்ஸ் 17. அது ஹாஃப் ஃப்ரேம், அதாவது 36 ரோல்ல 72 படம் எடுக்கலாம். 1959ல வந்த ஒலிம்பஸ் பென் காலத்து யோசனைதான். 42 ரூபாய் 21 ஆகும். ஆனா ஸ்கேனுக்கு லேப் கூடக் கேட்கலாம், முன்னாடியே விசாரிச்சுக்கோங்க.

எனக்குப் பிடிச்ச வழி கறுப்பு வெள்ளை. வீட்டு பாத்ரூம்லேயே கழுவிக்கலாம். கலருக்கான சி-41 முறையில டெவலப்பர் 37.8 டிகிரியில, 3 நிமிஷம் 15 விநாடி என்று கறாரா இருக்கணும். கறுப்பு வெள்ளைக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. டேங்க், கெமிக்கல் வாங்குற முதல் செலவு இருக்கு, பத்து ரோல் தாண்டினா அது வசூலாகிடும். பத்து ரோல் எடுப்பீங்கன்னு உறுதி இல்லாம அதை வாங்காதீங்க.

சினிமா ஃபிலிமைச் சுருட்டி விக்கிற ரோல்கள் விலை குறைவா கிடைக்கும். அதுல ரெம்ஜெட்ங்கிற கரும்பூச்சு இருந்தா சாதாரண சி-41 மெஷின்ல போடக் கூடாது. வாங்குறதுக்கு முன்னாடி உங்க லேபுக்கு ஒரு போன் போட்டு, கழுவுவாங்களான்னு கேட்டுடுங்க.

நிஜமான ஆபத்து ரோல்ல இல்லை, ரெண்டாவது கேமராவுல இருக்கு. முதல் ரோல் நல்லா வந்ததும் "இன்னொரு லென்ஸ் இருந்தா..."ன்னு மனசு அரிக்கும். மூணாவது மாசம் நாலு கேமரா, ரோல் வாங்கக் காசு இல்லைங்கிற நிலைமைக்கு வந்தவங்க உண்டு. அதனால ஒரு கணக்கு வச்சுக்கோங்க: பத்து ரோல் முடிக்கிற வரைக்கும் ஒரு கேமரா, ஒரு லென்ஸ். மூணு ரோல்லேயே சலிச்சுப் போச்சா, வித்துடுங்க. நல்லா ஓடுற மெக்கானிக்கல் கேமராவை வாங்க ஆள் இருக்கு. புதுசா வாங்கின டிஜிட்டல் கேமரா மாதிரி பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே விலை சரியாது.

லேப்ல இருந்து ஸ்கேன் லிங்க் வாட்ஸப்புல வந்ததும் பலர் சந்தோஷத்துல நெகட்டிவை மறந்துடறாங்க. கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு தூக்கிப் போட்டுடற லேபும் உண்டு. கொடுக்கும்போதே "நெகட்டிவ் திரும்ப வேணும்"னு எழுதிக் கொடுங்க. வந்ததும் தேதி போட்டு ஒரு ஃபைல்ல வைங்க. அந்த 36ல பிடிச்ச ரெண்டை மட்டும் 4x6 அளவுல பிரிண்ட் போடச் சொல்லுங்க. எங்க வீட்டுல அந்த ரெண்டுல ஒண்ணு இப்போ ஃப்ரிட்ஜ் கதவுல காந்தத்துல மாட்டியிருக்கு, அம்மாவும் அப்பாவும் ஜன்னல் ஓரமா நிற்கிறது. அப்பா கண்ணை மூடிட்டாரு. "இன்னொண்ணு எடுத்திருக்கலாம்ல"ன்னு அவரு தினமும் கேட்கிறாரு, அடுத்த ரோல் ஒண்ணாம் தேதிதான்னு சொல்லி வச்சிருக்கேன்.