வயலில் உழைப்பு, ஏட்டில் பெயரில்லை

உலகெங்கும் விவசாயத்திலும் கால்நடை வளர்ப்பிலும் ஈடுபடுவோரில் பெரும்பாலானோர் மாதச் சம்பளக்காரர் அல்லர், சுயதொழில் செய்வோரே. புள்ளிவிபரக் கணக்கில் இவர்கள் முக்கியமாக மூன்று வகையினர். கூலியாட்களை வைத்து நடத்தும் தொழில்தருநர் ஒரு வகை. தாமே செய்யும் சொந்தக் கணக்குத் தொழிலாளர் இன்னொரு வகை. சம்பளமின்றிக் கைகொடுக்கும் குடும்பத் தொழிலாளர் மூன்றாம் வகை. இந்த மூன்றாம் வகையில் பெண்களே அதிகம்.

1991இல் உலகத் தொழிலாளரில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் விவசாயத்தில் இருந்தனர். இன்று அது கால்வாசியளவாகக் குறைந்துவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. அங்கே இயந்திரங்கள் பெருகின, பண்ணைகள் பெரிதாகின, முதலீடும் கூடியது. அதனால் இளையோர் நுழைவது கடினமாயிற்று. பண்ணையாளரின் சராசரி வயது 58ஐத் தாண்டிவிட்டது.

இந்தியக் கிராமங்களில் நிலைமை வேறு. தொழில் செய்யும் பெண்களுள் சுயதொழிலில் இருப்போர் 2017-18இல் சுமார் 58 சதவீதம். 2023-24இல் 73 சதவீதத்துக்கு மேல். இதை முன்னேற்றம் என்று உடனே சொல்லிவிட முடியாது. இவர்களில் பெரும் பகுதியினர் குடும்ப வயலிலோ மாட்டுத் தொழுவத்திலோ ஊதியமின்றி உழைப்பவர்கள்.

உழைப்புக்குப் பெயர் கிடைத்த இடங்களும் உண்டு. குஜராத்தின் ஆனந்தில் 1946இல் தொடங்கிய பால் கூட்டுறவில், பாலை அளந்து, கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ப விலை கொடுக்கிறார்கள். ஒரு மாடு வைத்திருப்பவரும் அதில் அங்கத்தவராகலாம். பங்களாதேஷில் 1983இல் வங்கியான கிராமீன், ஈடு கேட்காமல் சிறுகடன் கொடுத்தது. கடன் பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பலர் ஆடு, மாடு, கோழி வாங்கினர்.

நம் நாட்டில் தொழில் புரிவோரில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். ஆனால் தேசிய உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு பத்திலொன்றுக்கும் குறைவு. இந்த இடைவெளியே சிறு கமக்காரரின் வறுமையைச் சொல்லும். 2021இல் இரசாயனப் பசளைத் தடை வந்தபோது அந்த இழப்பும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. சம்பளக்காரருக்கு மாத முடிவில் சம்பளம் வரும், சுயதொழிலாளருக்கு விளைந்தால்தான் வருமானம்.

பசளை மானியம், கடன், நட்டஈடு, 1987இல் சட்டமான கமக்காரர் ஓய்வூதியம் ஆகிய உதவிகள் பெயர் பதிந்தவரையே தேடி வரும். சம்மாந்துறையிலோ புத்தளத்திலோ கணவரோடு சேர்ந்து உழைக்கும் ஒரு தாயின் பெயர் பதிவேட்டில் இல்லையென்றால், அவர் விதவையாகும் நாளில் கையில் எதுவும் இராது. பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கே உரியது என்பது நம் மார்க்கம் தந்த உரிமை. அதை ஏட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக அறிவித்துள்ளது. மருதானையில் படிக்கும் நமக்கு வயல் தூரம். ஊரில் உறவினர் தூரமில்லை. பெற்றோரே, மாணவிகளே! உங்கள் குடும்பக் காணியிலும் தொழுவத்திலும் உழைக்கும் உம்மாவின், மாமியின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறதென்று அடுத்த விடுமுறையில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், கமநல சேவை நிலையத்துக்கு அவரோடு கூடச் செல்லுங்கள்.