ஆசிட் ஹவுஸ் இசையும் பத்து இராகங்களும்

ஆசிட் ஹவுஸ் என்பது 1980களில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் உருவான மின்னணு நடன இசைவகையாகும். ஒரே சீரான தாளத்தின்மீது மீண்டும் மீண்டும் சுழன்றுவரும் கீழ்த்தாயிச் சுரவரிசையே இதன் அடிப்படை. அதனை எழுப்புவது, பேஸ் கிதாருக்கு மாற்றாக ரோலண்ட் நிறுவனம் 1981இல் அறிமுகப்படுத்திய டிபி-303 என்னும் கருவி. அதன் குமிழ்களைத் திருகும்போது சுரங்கள் மாறாமல் ஒலிநிறம் மட்டும் மாறிக்கொண்டே செல்லும். கேட்போர் கவனிக்க வேண்டியது மெட்டையன்று, இந்நிறமாற்றத்தையே.

இவ்வகையின் தொடக்கமாகப் பெரிதும் கருதப்படுவது ஃபியூச்சர் குழுவினர் 1987இல் வெளியிட்ட இசைத்தட்டாகும். எனினும், மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இலேயே இக்கருவியைக் கொண்டு பத்து இந்துஸ்தானி இராகங்களை இசைத்து வெளியிட்டார். மாறாத ஆதாரச் சுருதி, சுரங்களிடையே வழுக்கிச் செல்லுதல் ஆகிய இராக இயல்புகள் அக்கருவிக்கு நன்கு பொருந்தின. அவற்றுள் பூபாளி, கருநாடக இசையின் மோகனத்தை ஒத்தது. ஆதலின் தமிழ்ச் செவிக்கு அதுவே எளிய நுழைவாயில்.

2010இல் இத்தட்டு மறுவெளியீடு பெற்றபின், ஆசிட் ஹவுஸ் இந்தியாவில் பிறந்தது என்னும் கூற்றுப் பரவியது. சிகாகோ கலைஞர்கள் இதனைக் கேட்டிருந்தனர் என்பதற்குச் சான்றில்லை. ஒரே கருவி ஈரிடங்களில் ஒத்த ஒலியைத் தந்தது எனக் கொள்வதே பொருந்தும். காலத்தால் முந்தியது என்பதனாலேயே ஒன்று மற்றொன்றிற்கு மூலமாகிவிடாது.