டான் பௌ: வியட்நாமின் ஒற்றைத் தந்தி வாத்தியம்

இதில் தந்தி ஒன்றே ஒன்றுதான், மெட்டுகள் கிடையாது. வலப்பக்கத்து முளையில் தொடங்கும் தந்தி, இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் வளையக்கூடிய தண்டில் முடிகிறது. தண்டின் அடியில் கோத்திருப்பது சுரைக்குடுக்கை.

வாசிப்பவரின் வலக்கை விரல்களில் சிறு மூங்கில் குச்சி இருக்கும். தந்தி நீளத்தின் சரிபாதி, மூன்றிலொன்று, நாலிலொன்று போன்ற இடங்களில் உள்ளங்கையின் ஓரம் இலேசாகப் படும். அந்த நொடியே குச்சி மீட்டும். கை உடனே விலகும். முழுத் தந்தியின் ஆழ்ந்த ஒலி அடங்கி, அதற்குள் இருக்கும் மேற்சுரம் மட்டும் மணிபோல் எழும். கை விலகத் தாமதித்தால் நாதம் மங்கிவிடும்.

இப்படிக் கிடைக்கும் சுரங்கள் சிலவே. மற்றவற்றை இடக்கை உண்டாக்குகிறது. தண்டை வெளிப்புறம் தள்ளினால் தந்தி இறுகிச் சுரம் ஏறும். உட்புறம் வளைத்தால் தளர்ந்து இறங்கும். ஒரே மீட்டலில் சுரம் வழுக்கும், அசையும், நடுங்கும். வட வியட்நாமியப் பேச்சில் ஆறு தொனிகள் உண்டு. தொனி மாறினால் சொல்லின் பொருளே மாறும். அந்தப் பேச்சின் வளைவுகளை இவ்வளவு நெருக்கமாகத் தொடர வேறு வாத்தியங்களுக்கு அரிது.

வடக்கின் சந்தைகளில் ஸாம் பாட்டுப் பாடிப் பிழைத்த பார்வையற்ற கலைஞர்கள் இதை வாசித்தார்கள். இந்த வாத்தியத்தின் வரலாற்றில் முதல் மரியாதை அவர்களுக்கே உரியது.

பழைய கருவிகளின் உடல் பருத்த மூங்கில், தந்தி பட்டிழை. பிறகு மரப்பெட்டியும் எஃகுக் கம்பியும் வந்தன. இயல்பான ஒலி மிக மெல்லியது என்பதால், இன்றைய மேடைகளில் ஒலிபெருக்கியுடன் இணைத்தே பெரும்பாலும் வாசிக்கிறார்கள்.