45 கிலோ எடையும் ஒரு மூட்டை எலுமிச்சையும்: ஜூடோ எப்படி வேலை செய்யுது?

புளியங்குடியிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்திருக்கிற ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: “என் எடை 45 கிலோ. ஜூடோ கத்துக்கிட்டா என்னைவிடப் பெரிய ஆளைச் சமாளிக்க முடியுமா?” இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான்.

முதல்ல ஒரு உண்மை. ஒலிம்பிக் ஜூடோவிலேயே எடைப் பிரிவு இருக்கு. ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஏழு. எடை முக்கியம் இல்லைன்னா அந்தப் பிரிவே தேவைப்பட்டிருக்காது. அதனால “எவ்வளவு பெரிய ஆளையும் ஒரே நொடியில் வீழ்த்தலாம்”னு யாராவது விளம்பரம் பண்ணினா, நம்பாதீங்க.

அப்போ ஜூடோ என்னதான் தருது? இதுக்குப் பதில் உங்க ஊர் எலுமிச்சை மார்க்கெட்டிலேயே இருக்கு. கனமான மூட்டையை அனுபவசாலிகள் நேரா மேல இழுக்க மாட்டாங்க. முதல்ல ஒரு பக்கம் சாய்ப்பாங்க. அது சாயுற நேரத்தில் முழங்காலை மடக்கி, உடம்பை அடியில் கொடுத்து நிமிர்வாங்க. ஜூடோவில் இடுப்பில் ஏற்றி வீசுறதும் இதே மூணு படிதான்: நிலை குலைப்பது, உடம்பைப் பொருத்துவது, வீசுவது. முதல் படிக்கு ஜப்பானிய மொழியில் ‘குசுஷி’ன்னு பேர். அது இல்லாம மத்த ரெண்டும் நடக்காது.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ இதை ஒரு கணக்கா சொல்வார். எதிராளிக்குப் பத்துப் பங்கு பலம், எனக்கு ஏழு. அவர் தள்ளும்போது எதிர்த்து நின்னா நான் தோற்பேன். விலகிக் கொடுத்தா அவர் தன் வேகத்திலேயே முன்னால சரிவார். சரிஞ்ச நிலையில் அவரோட பத்து, மூணாகிடும். என் ஏழு அப்படியே இருக்கும்.

கானோவும் சின்ன உடம்புக்காரர்தான். 1860-ல் பிறந்தவர். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிவாங்கினதால்தான் சாமுராய்களின் பழைய ஜுஜுட்சுவைத் தேடிப் போனார். 1882-ல் டோக்கியோவில் ஒரு கோயிலில், 12 பாய் விரிக்கிற இடத்தில் கொடோகான் பள்ளியைத் தொடங்கினார். அங்கே அவர் செய்த பெரிய மாற்றம், உயிருக்கு ஆபத்தான பிடிகளையும் அடிகளையும் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கியது. அதனால் முழு பலத்தோட எதிர்க்கிற ஆளிடமே தினமும் பழக முடிஞ்சது. காற்றில் கை வீசிப் பழகுறதுக்கும் இதுக்கும் நிறைய வித்தியாசம்.

இது ஆண்களோடு நின்னுடல. நம்ம நாட்டிலேயே, 1929-ல் ரவீந்திரநாத் தாகூர் ஷின்ஸோ தகாகாகி என்ற ஜூடோ ஆசிரியரை சாந்திநிகேதனுக்கு அழைச்சிட்டு வந்தார். பையன்களோட பெண்களும் கத்துக்கிட்டாங்க. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் அம்மா அமிதா சென் அங்கே பழகினவங்கதான். பெண்கள் தனியா வெளியே போறதே பேச்சான காலம் அது. ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோவுக்குப் பதக்கம் கொடுக்க ஆரம்பிச்சதே 1992-லதான்!

தற்காப்புக்குன்னே கொடோகான் 1956-ல் 21 முறைகளை வகுத்தது. கையைப் பிடிச்சா என்ன செய்யணும், பின்னாலிருந்து கழுத்தை நெரிச்சா என்ன செய்யணும்னு தொடங்கி, கத்தி, தடி, துப்பாக்கி வரைக்கும் அதில் உண்டு. ஆனா கத்தியைப் பார்த்தா ஓடுறதுதான் நல்லது. ஜூடோ அந்த ஓட்டத்துக்கு ரெண்டு நொடி வாங்கிக் கொடுத்தாலே போதும். சட்டமும் உங்க பக்கம்தான். பாரதிய நியாய சன்ஹிதா 34-ம் பிரிவு முதல் தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசுது. தேவைக்கு மேல காயப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

வகுப்பு தேடும்போது ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, தரையில் நல்ல மெத்தை இருக்கா? ரெண்டு, ஆரம்பத்திலேயே விழச் சொல்லிக் கொடுக்கிறாங்களா? தாடையை நெஞ்சோட ஒட்டி, கையால தரையை அறைஞ்சு விழணும். அப்போதான் பின்னந்தலை மோதாது. சண்டையே வராம போனாலும், மழைநாளில் வழுக்கி விழுறப்போ இந்தப் பாடம் நிச்சயம் உதவும்.

ஆக, புளியங்குடி நேயருக்குப் பதில்: 45 கிலோ போதும், எப்போ எந்தப் பக்கம் சாய்க்கணும்னு உடம்புக்குப் பழகியிருந்தா. அது பழக வருஷங்கள் ஆகும். இந்த வாரமே தொடங்கிடுங்க.